டிக்கெட் கிடைக்காத அப்பா

1

இந்தக் கதை ஒரு கேள்வித்தாளிலிருந்து வந்தது. “எழுத ஒண்ணுமே இல்ல டீச்சர்” என்று விழிக்கும் பிள்ளைகளுக்காக, தீவில் வண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மங்கையர்க்கரசி டீச்சர் தயாரித்தது. மூன்றாவது கேள்வி: உங்கள் வீட்டில் எதைப் பற்றிப் பேச மாட்டார்கள்?

அதில் டீச்சருக்குக் கொஞ்சம் பெருமை. கதை எழுதுகிற எனக்கும்தான்.

2

அலைகள் ஆர்ப்பரிக்கும் கரையோரம் புஷ்பா—

(அடித்துவிட்டேன். இங்கே அலையை யார் கவனிக்கிறார்கள்?)

ஏழாம் வகுப்பு புஷ்பா ஒரு பக்கம் எழுதினாள். நாலாவது வரி: “அப்பா செத்து எட்டு மாசம் ஆச்சு. தங்கச்சிக்குத் தெரியாது.”

தங்கை ரூபா, அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அப்பா எப்போது வருவார் என்று கேட்டால் அம்மா மரகதம் சொல்வது ஒன்றுதான்: “மெயின்லேண்ட்ல இருக்காருடி. கப்பல் டிக்கெட் கிடைக்கலியாம்.” தீவில் இந்தப் பதிலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பழைய ஊரான சிப்பிகாட்டை விட்டு இங்கே குடிவந்ததும், தெரிந்தவர்கள் யாரும் ரூபாவிடம் உளறிவிடக் கூடாதென்றுதான்.

3

படித்துவிட்டு டீச்சர் அழுதார். பிறகு வழக்கம்போல, நல்ல கட்டுரை என்று வராந்தாப் பலகையில் குத்தினார். புஷ்பா அன்று லீவு, அவளைக் கேட்கவில்லை. ரூபாவை யோசிக்காமல் இல்லை. அவள் ஹிந்தி மீடியம், தமிழ் படிக்க வராது.

(டீச்சரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அதே தாளை நானும்தானே உங்கள்முன் குத்தி வைத்திருக்கிறேன்?)

மணி அடித்தது. ரூபா பலகை முன்னால் நின்றாள்.

“டீச்சர், இது அக்கா எழுத்து.”

“கிளாஸுக்குப் போம்மா.”

“ருக்கோ, இருங்க டீச்சர், நானே படிப்பேன். அப்பாவுக்கு லெட்டர் போடணும்னு அக்கா தமிழ் சொல்லித் தந்துச்சு.”



4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மழை வந்து தாளை நனைக்கிறது. (மழைக்கு அவ்வளவு கரிசனம் கிடையாது.) இன்னொன்றில் டீச்சர் தாளைக் கிழித்துவிடுகிறார், ரூபா ஏன் என்று கேட்கிறாள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

ரூபா விரல் வைத்து எழுத்துக் கூட்டுகிறாள். மூன்று வரி முடிந்தது. நாலாவது வரி. அ... ப்... பா. அந்தச் சொல்லைப் பார்த்ததும் சிரிக்கிறாள்.

இங்கேயே நிறுத்துகிறேன். நான் எழுதாதவரை அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அடுத்த சொல் உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து சத்தமாகப் படிக்காதீர்கள்.