பெருமூச்சுக்கு ஐந்து புள்ளி

உரும்பிராயில் ஒரு பாடசாலை மண்டபத்தில் காலை எட்டு மணியிலிருந்து உதயகலா ரீச்சர் தேர்வாளராக உட்கார்ந்திருந்தாள். உயர்தர வகுப்பில் நாடகம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு அன்று தேர்வு. இருபதுக்கு எட்டுப் புள்ளி எடுத்தால் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் வேறு பாடம் பார்க்க வேண்டியதுதான்.

முதல் பிள்ளையிடம் அரங்கப் பொருள் என்றால் என்ன என்று கேட்டாள்.

“நடிகர் மேடையில் கையாளும் பொருட்கள் அரங்கப் பொருட்கள் எனப்படும். உதாரணம், குடை, கைத்தடி, கடிதம்.”

இரண்டாவது பிள்ளையும் குடை, கைத்தடி, கடிதம். பதினேழாவதும் அதேதான். எல்லாம் மருதனார்மடத்தில் ரியூசன் நடத்தும் தியாகலிங்கத்தின் குறிப்பு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவரை நடித்துக்காட்டச் சொன்னால் வெறும் மணிக்கட்டைப் பார்த்து, நெற்றியைத் துடைத்து, ஒரு பெருமூச்சு. ஒருவர் மென்று துப்பியதை அடுத்தவர் எடுத்து வாயில் போடுவது போலிருந்தது. சீ என்று போய்விட்டது அவளுக்கு.

பதினெட்டாவதாக வினோஜா வந்தாள்.

“வரைவிலக்கணம் தெரியாது ரீச்சர். நான் ரியூசனுக்குப் போறேல்லை.”

நடிக்கச் சொன்னதும் உட்காரப் போட்டிருந்த கதிரையை வெங்காய மூட்டையாக்கினாள். பஸ் வருகிறதென்று அதை இழுத்துக்கொண்டு ஓடினாள். கை காட்டினாள். பஸ் நிற்கவில்லை. மூட்டையைத் திரும்ப இழுத்து வந்தாள். மூன்றாவது பஸ்ஸும் போனதும் மூட்டையின் மேலேயே குந்தி, செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்தபடி அந்தப் பஸ்காரனை ஒரு பார்வை பார்த்தாள். உதயகலா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் பார்த்த முதல் நடிப்பு அது.

“சைபர்,” என்று பிள்ளைக்குக் கேட்காமல் சொன்னார் கூட இருந்து புள்ளி போட்ட கோபிசங்கர், வடையை மென்றபடி. “மணி பாக்கேல்லை, வேர்வை துடைக்கேல்லை, மூச்சும் விடேல்லை.”

“உதென்ன கதை சேர்? நடிச்சதே அவள் ஒருத்திதான்.”

“நான் என்ன செய்யிறது ரீச்சர்? புள்ளித்திட்டத்திலை அப்பிடித்தானே கிடக்கு.”

தாளை வாங்கிப் பார்த்தாள். வரைவிலக்கணத்துக்கு ஐந்து, மணி பார்த்தலுக்கு ஐந்து, வியர்வைக்கு ஐந்து, பெருமூச்சுக்கு ஐந்து. தியாகலிங்கத்தின் குறிப்பை அப்படியே தட்டச்சுச் செய்திருந்தார்கள். எந்த அறிவுகெட்டவர் இதற்குச் சம்மதித்தார் என்று அடியில் தேடினாள். அவளுடைய ஒப்பம்தான் கிடந்தது. போன மாதம் ஆசிரியர் அறையில் சேலைக் கதை கதைத்துக்கொண்டே வாசிக்காமல் வைத்தது.

“நான் இதை வாசிக்கேல்லை சேர்.”

“அப்ப அதிபரிட்டைப் போய் அதைச் சொல்லுங்கோ. திட்டத்தை மாத்தலாம்.”

அதிபர் அறை பத்துக் காலடித் தூரம்தான். உதயகலா எழும்பவில்லை. வினோஜாவின் பெயருக்கு நேரே சைபர் போட்டாள்.

கதவடியில் அந்தப் பிள்ளை திரும்பி நின்றாள்.

“ரீச்சர், எனக்கு இடம் கிடைக்குமே?”

“ஓம் பிள்ளை, நல்லாய்ச் செய்தனீர்.”

சொல்லி முடித்ததும் தன் வாயை நினைக்கவே அவளுக்கு அருவருத்தது.