இராயப்பர் இடம்

ஈப்போ நகரத்துச் சிலிபின் வேதக்கோயிலில் யேசுதாசன் செய்யாத தொண்டு இல்லை. ஈயச் சுரங்க ஆபீசில் பெரிய கிராணியாகக் கணக்கு எழுதிய நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் கோயிலிலேயே கிடந்தார். மணி அடிப்பார், பெஞ்சு துடைக்கிறவர்களை அதட்டுவார், சாமியாருக்குக் குடை பிடிப்பார், பிரசங்கத்தில் தூங்கி விழுகிறவர்களைப் பிரம்பு நுனியால் தொட்டு எழுப்புவார். கூப்பிட்டால்தான் போக வேண்டும் என்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. ஒருமுறை யார் வீட்டுப் பிள்ளைக்கோ ஞானஸ்நானம் நடந்தபோது, தகப்பன் கையிலிருந்து பிள்ளையை வாங்கி இவரே நீட்டிக்கொண்டு நின்றார். எல்லாம் ஆண்டவருக்காக என்பார். ஆண்டவர் பார்க்கிறாரா என்று அவர் கவலைப்பட்டதில்லை. ஊர் பார்க்கிறதா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்.

ஆனால் அவருக்கும் நெஞ்சை அரிக்கிற கவலை ஒன்று இருந்தது. மகள் கெர்ட்ரூடுக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. வந்த இரண்டு வரன்களும், 'பொண்ணு தங்கம், அப்பன் தம்பட்டம்' என்று சொல்லித் திரும்பிவிட்டன. மூன்றாவதாக ஆயர் தாவார் என்கிற ஊரிலிருந்து பெரியநாயகம் என்பவர் தம் மகனுக்குக் கேட்டிருந்தார். சொந்தமாக ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற மனிதர். பெரிய வியாழக்கிழமை பூசைக்கு வந்து, குடும்பத்துக்குச் சபையில் எப்படிப்பட்ட பேர் என்று பார்த்துக்கொண்டு, அன்றே பேசி முடிப்பதாகச் சொல்லியிருந்தார். பையனின் படத்தைக் கெர்ட்ரூட் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்ததை அவள் அம்மா ரோசம்மா பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

பெரிய வியாழக்கிழமை என்றால் பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேரை அப்போஸ்தலர்களாக உட்காரவைத்துச் சாமியார் அவர்கள் காலைக் கழுவுவார். முதல் நாற்காலி அப்போஸ்தலர்களுக்குத் தலைவரான இராயப்பருடையது. கடைசி நாற்காலியில் உட்கார ஆள் பிடிப்பதற்குள் உபதேசியார் பிச்சைமுத்துவுக்குப் பாதி உயிர் போய்விடும், ஏனென்றால் அது யூதாஸ் இடம். யேசுதாசன் முந்திக்கொண்டு, "இராயப்பர் இடம் நமக்குத்தான்" என்று ஆயர் தாவாருக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டார்.

ரயில்வே கிராணி லியோனார்டும் அதே நாற்காலிமேல்தான் கண் வைத்திருந்தார். இரண்டு பேரும் தபசு காலம் முழுக்க அதற்காகச் சண்டை போட்டார்கள். குருத்து ஞாயிறன்று குருத்தோலையாலேயே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதும் சாமியாருக்குப் பொறுமை போயிற்று. பிரசங்க மேடை ஏறி, "இந்த வருஷம் பன்னிரண்டு ஏழைகளுக்கு மட்டுமே பாதம் கழுவுவேன். எல்லாரிலும் பரம ஏழைக்கே இராயப்பர் இடம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானத்திலிருந்து சிலிபினில் வறுமை பரவிற்று. கடை வைத்திருந்தவர்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள். வீடு கட்டியவர்கள் கூரை ஒழுகுகிறது என்றார்கள். யேசுதாசன் மாட்டுக்காரப் பழனியப்பனுக்குப் புது வேட்டி ஒன்றைக் கொடுத்து, அவன் கட்டியிருந்த கிழிசலை வாங்கிவந்தார். அந்த வாரம் முழுக்க ஏழைக்கு நடந்த நன்மை அது ஒன்றுதான்.

"ஏங்க, சம்பந்தி வர்ற அன்னைக்கா இந்தக் கோலம்?" என்றாள் ரோசம்மா.

"உனக்குத் தெரியாது லா. நாற்காலியைத்தான் பாப்பாங்க, வேட்டியையா பாப்பாங்க?"

வியாழக்கிழமை ஏழைகளைப் பொறுக்கியெடுக்கும் தொண்டும் யேசுதாசன் தலையிலேயே விழுந்தது, அதாவது அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கிழிசல் வேட்டியோடு வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். லியோனார்ட் ஒட்டுப்போட்ட சட்டையில்தான் வந்தார், ஆனால் தலையில் தடவியிருந்த வாசனைத் தைலம் காட்டிக்கொடுத்துவிட்டது. "மச்சான், ஏழை மணக்கமாட்டான்" என்று யேசுதாசன் அவரைத் திருப்பியனுப்பினார்.

பிறகு சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் சிலர் நடந்தே வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்தவர் நவமணி, தலை நரைத்தவர். எல்லாரும் வெளுத்த வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக இருந்தார்கள்.

"சாமி ஏழைங்களக் கூப்புட்டாருன்னாங்க" என்றார் நவமணி.

"ஏழைங்களத்தான்லா கூப்பிட்டாரு. இஸ்திரிச் சட்டையில வந்து நின்னா நான் என்னான்னு நம்புறது?"

"கோயிலுக்கு வாரோமேன்னு லயத்து வீடுகள்ல இரவல் வாங்கிப் போட்டதுங்கய்யா."

"இரவல் கிடைக்குதில்ல? அப்ப பின்னால போய் நில்லுங்க."

அவர்கள் பின்னால் போய் நின்றார்கள். கோயில் பூனை சாமிக்கு அஞ்சாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இப்படியாகப் பன்னிரண்டு நாற்காலிகளும் நிரம்பின. மூன்று கிராணிகள், இரண்டு கடைக்காரர்கள், வட்டிக்கு விடுகிற ஒருவர், இன்னும் அந்த வகையறாக்கள். எல்லாரும் வீட்டிலேயே செங்கல் வைத்துக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்கள். சாமியார் செம்போடு குனிந்து இராயப்பரின் காலைப் பிடித்தார். வெயில் படாத வெள்ளைக் காலில் பூட்ஸ் கடித்த தழும்பு தெரிந்தது. நிமிர்ந்து யேசுதாசன் முகத்தை ஒரு தரம் பார்த்தார். ஆண்டவர் யூதாஸ் காலையும்தானே கழுவினார் என்று நினைத்திருப்பார்போல, தண்ணீரை ஊற்றினார்.

யேசுதாசனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வலது பக்கம் முதல் பெஞ்சில் பெரியநாயகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். பக்கத்தில், வீட்டுக்குப் போய்க் கோட்டு மாட்டிக்கொண்டு வந்த லியோனார்ட். பெரியநாயகம் ஏதோ கேட்க, லியோனார்ட் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வதும் தெரிந்தது.

பூசை முடிந்ததும் அப்போஸ்தலர்களுக்கு வழக்கப்படி ஆளுக்கொரு அரிசி மூட்டை கொடுத்தார்கள். மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோயில் வாசலில் நின்றவரிடம் பெரியநாயகம் நேராக வந்தார். கண் கலங்கியிருந்தது. ரோசம்மாவும் கெர்ட்ரூடும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

"இராயப்பர் இடம்னு நீங்க சொல்லியனுப்பினப்ப எனக்கு விளங்கல அண்ணே. பரம ஏழைதான் அதுல உக்காருவாருன்னு இவரு இப்பத்தான் சொன்னாரு. எங்கப்பாவும் தோட்டத்துல பால் வெட்டுனவருதான். இப்படி உக்காந்து இந்த அரிசிய வாங்கித்தான் எங்களுக்குக் கஞ்சி ஊத்துனாரு. உங்க ஏழ்மைய மறைக்காம என்னைக் கூப்பிட்டுக் காட்டினீங்க பாருங்க, அது பெரிய மனசு. சீர், நகை ஒண்ணும் வேணாம். பொண்ணக் கட்டுன சேலையோட குடுங்க. கல்யாணச் செலவு என்னோடது."

கெர்ட்ரூடின் முகம் சிவந்தது. யேசுதாசன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வாயைத் திறக்காமல் இருப்பது. ரோசம்மா அவர் விலாவில் கிள்ளக்கூடச் செய்தாள். வாழ்நாளில் அவர் செய்த தொண்டிலெல்லாம் பெரியதாக அது இருந்திருக்கும்.

ஆனால் பெரியநாயகத்துக்குப் பின்னால் லியோனார்ட் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஈப்போ ஸ்டேஷன் முழுக்க என்ன பேச்சு நடக்கும் என்பது யேசுதாசனுக்கு இப்போதே காதில் கேட்டது.

"நான் ஏழை இல்லீங்க" என்றார்.

"இதுல என்ன வெக்கம்ணே."

"இல்ல லா. நான் பெரிய கிராணி. சொந்த வீடு இருக்கு. இது மாட்டுக்காரன் வேட்டி. ஏழைங்கள்லாம் அந்தா நிக்கிறாங்க, பாருங்க."

பெரியநாயகம் பார்த்தார். தோட்டத்து ஆட்கள் வெறுங்கையோடு சிம்பாங் பூலாய்க்குத் திரும்பி நடக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நவமணி இரவல் சட்டையைக் கழற்றி, வேர்வை படாமல் மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"ஏழையா இருந்திருந்தா கட்டியிருப்பேன்" என்றார் பெரியநாயகம் மெதுவாக. "பணக்காரரா இருந்தாலும் கட்டியிருப்பேன். எங்கப்பன் நாற்காலியப் புடுங்கிக்கிட்ட வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேணாம்." தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டு, ஏறக்கூடிய மட்டும் தம் மோட்டார் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

லியோனார்டையும் அப்புறம் காணோம். ரோசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யேசுதாசனுக்கு அப்போதுதான், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக, ஊர் பார்க்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. மகளை மட்டும் பார்த்தார்.

அவள் அழவில்லை. அவர் கையிலிருந்த அரிசி மூட்டையை வாங்கித் தரையில் வைத்தாள்.

"விடுங்கப்பா" என்றாள். "உங்களுக்கு இராயப்பர் இடம் கிடைச்சிருச்சில்ல."