நாற்பது பக்க ஹீட்டர்

வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த 1971-இல் சைகோன் பொறியியல் கல்லூரி ஒன்று புதுச் சட்டம் போட்டது. கடைசி வருட மாணவர்கள் தங்கள் திட்டத்தை ஏதாவது ஒரு பாக்டரியில் செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். பாதி மார்க் பேராசிரியர் கையில், பாதி பாக்டரி முதலாளி கையில்; இரண்டிலும் தேற வேண்டும். காரைக்காலிலிருந்து வந்து சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன் அபுல் ஹசனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. வகுப்பில் முதல் மாணவன் அவன். அவனுக்குக் கிடைத்ததோ ஓர் ஐஸ் பாக்டரி. ஓர் ஐஸ்காரர் தனக்கு மார்க் போடுவதா என்று குதித்தான்.

அவனோடு சேர்ந்து திட்டம் செய்த கப்ரியேல் குதிக்கவில்லை. அப்பா புதுச்சேரி, அம்மா வியட்நாமியர், குடியுரிமையும் வியட்நாம். தேறினால் ஐஸ் பாக்டரியிலேயே வேலை போட்டு, பட்டாளத்திலிருந்து விலக்கும் வாங்கித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். தவறினால் துப்பாக்கிதான். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்த அபுல் ஹசனுக்கு அந்தக் கவலை கிடையாது.

வேலை சின்னதுதான். ஐஸ் உறைந்த தகரப் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, கட்டி பிடிவிட்டதும் கவிழ்க்கிற இயந்திரம். கவிழ்க்கும் கையைக் கப்ரியேல் செய்தான். தொட்டித் தண்ணீரைச் சூடாக்க, பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தைப் பார்த்து அபுல் ஹசன் நாற்பது பக்கத்துக்கு ஹீட்டர் கணக்குப் போட்டான்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு ஓட்டிப் பார்த்தார்கள். கை அழகாகக் கவிழ்த்தது. கட்டிதான் படீரென்று வெடித்து, துண்டு துண்டாக விழுந்தது. ஆறு கட்டிக்கும் அதே கதி. கப்ரியேல் முகத்தில் ஈயாடவில்லை.

பாக்டரி மெக்கானிக் ழான் சிரித்தே விட்டான். அவனும் புதுச்சேரிக்காரன், இவர்கள் வயதுதான்.

"இவ்ளோ சூட்டுல முக்குனா வெடிக்காம என்னடா செய்யும்? ஆத்துத் தண்ணியே வெதுவெதுன்னுதானே கெடக்கு. நாங்க அதுலதான் முக்கி எடுக்குறோம்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றான் அபுல் ஹசன்.

"நீ எங்க கேட்ட? வந்த நாள்லேர்ந்து புஸ்தகத்தைத்தானே பாத்துக்கிட்டு இருந்த."

குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும் நாட்டுக்கு எழுதிய புத்தகம் அது. சைகோனில் பிறந்து, தினமும் சைகோன் தண்ணீரில் குளித்தவனுக்கு இது உறைக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்! அபுல் ஹசனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஹீட்டரைக் கழற்றி ஆற்றுத் தண்ணீரை விட்டார்கள். கட்டி முழுசாக வழுக்கி வந்தது.

தேர்வன்று முதலாளிக்கு வாயெல்லாம் பல். பேராசிரியர்தான் அறிக்கையைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஹீட்டர் எங்கே? திட்டத்தில் பாதி அதுதானே?"

"தேவைப்படவில்லை ஐயா. தப்புக் கணக்கு," என்றான் அபுல் ஹசன்.

"யாருடைய தப்பு? இருவருக்கும் பங்கு என்றால் இருவரும் தோல்வி."

கப்ரியேல் வாயைத் திறந்தான். அபுல் ஹசன் முந்திக்கொண்டான்.

"என்னுடையது மட்டும். கை கப்ரியேல் செய்தது. அதில் ஒரு குறையும் இல்லை."

"அப்படியானால் உன் பங்கு என்று இதில் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை ஐயா."

உண்மையைத்தான் சொன்னான். ஆனாலும் முதல் மாணவன் வாயிலிருந்து அது சுலபமாக வரவில்லை. கப்ரியேல் தேறிவிட்டான். முதலாளி தன் பங்கு மார்க்கை அள்ளிப் போட்டும் அபுல் ஹசன் கரையேறவில்லை. மறு வருடமும் அதே பாக்டரிதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

வாப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "மொத மாணவன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனேடா! ஒரு வருசம் போச்சே!"

"வருசம்தானே வாப்பா போச்சு," என்றான் அபுல் ஹசன். "கப்ரியேல் போகலையே."