காய்ச்சாத பால்

மிஸ்ஃபர் வீட்டில் ஒட்டகப் பாலைக் காய்ச்சுகிறார்கள் என்ற செய்தி சவூதியின் ஹுஃபூஃப் சந்தை வரைக்கும் போய்விட்டது. கறந்த சூட்டோடு, நுரை மீசையில் ஒட்டக் குடிக்க வேண்டிய பாலை அடுப்பில் ஏற்றினால், வந்த விருந்தாளி கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரிக்காமல் என்ன செய்வான்?

காய்ச்சியவள் மூத்த மகள் ஜவ்ஸா. புருஷனை இழந்து வந்த நாளிலிருந்து அந்த வீட்டை அவள்தான் தூக்கிச் சுமந்தாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் கவலை வேறு. மிஸ்ஃபருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்திகரித்துக் கொண்டுவர வேண்டும். கொரோனா என்ற பெயரை உலகம் கற்றுக்கொள்வதற்குப் பல வருஷம் முன்பே ஹுஃபூஃபைச் சுற்றிய அல்-அஹ்ஸாக்காரர்களுக்கு அதன் ஒட்டக வகை ஒன்று தெரியும். ஆஸ்பத்திரி டாக்டர் ஜவ்ஸாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"ஒட்டகத்துக்கிட்ட இருந்துதான் வருதும்மா. அதுக்கு வெறும் சளி. வந்துட்டுப் போயிடும். கட்டுமஸ்தான ஆளுக்கும் அப்படித்தான், வந்ததே தெரியாது. ஆனா உங்க வாப்பா உடம்பு தாங்காது. பட்டிப் பக்கம் விடாதீங்க, பச்சைப் பால் குடுக்காதீங்க. பட்டியில இருந்து வர்றவங்க கை, முகம் கழுவாம அவர்கிட்ட வரக் கூடாது."

மூன்று கட்டளை. முதலாவது சுலபமாக முடிந்தது. பட்டிக்கு நடந்துபோக மிஸ்ஃபருக்குக் காலில் வலு இல்லை. இரண்டாவதற்குத்தான் போர் நடந்தது.

"இது பாலா? பொணத்தைக் குளிப்பாட்டின தண்ணியா?" என்று கிண்ணத்தைத் தள்ளினார் மிஸ்ஃபர்.

"குடிச்சா இது, இல்லன்னா கடைத் தயிர். எது வேணும் வாப்பா?"

"உங்கம்மா இருந்திருந்தா உன் கையை ஒடிச்சிருப்பா."

"அம்மா இருந்திருந்தா உங்க வாயைத் தெச்சிருப்பா. குடிங்க."

குடித்தார். திட்டிக்கொண்டேதான் குடித்தார், ஆனால் குடித்தார். அவள் ஜெயித்துவிட்டாள். அந்த வெற்றிதான் அவள் கண்ணை மறைத்தது.

ஏனென்றால் மூன்றாவது கட்டளை நஹாரைப் பற்றியது. நஹார் அவளுடைய தம்பி. வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, பட்டிக்கு ராஜா. அந்த வருஷம் ரீஷா என்றொரு கன்று பிறந்திருந்தது. உதடு தொங்கும் அழகென்ன, கழுத்து வளையும் அழகென்ன, வளர்ந்ததும் ஒட்டக அழகுப் போட்டியில் இதற்குத்தான் பரிசு என்று ஊரே பேசியது. அந்த ரீஷாவுக்குக் குளிர் முடிந்த கையோடு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. கால்நடைத் துறையிலிருந்து வந்த இளைஞன் அதன் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுச் சளியை எடுத்துக்கொண்டு, "கன்னுக்குட்டிங்ககிட்டதான் இது ஜாஸ்தி இருக்கு. முகமூடி போட்டுக்கிட்டுக் கிட்ட போங்க அண்ணே" என்றான்.

நஹாருக்குச் சுருக்கென்றது. தன் ஒட்டகத்தைச் சீக்குப் பிடித்தது என்று ஒருவன் சொல்வதும், தன் பெண்டாட்டியை நாலு பேர் நடுவில் அப்படிச் சொல்வதும் அவனுக்கு ஒன்றுதான். இளைஞன் போன பிறகு கைபேசியை நண்பனிடம் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னான். ரீஷாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒழுகும் மூக்கின் மேல் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தான். "தும்முடி என் தங்கமே! நல்லா என் மூஞ்சியில தும்மு! அரசாங்கம் பாக்கட்டும்!" ரீஷாவும் கேட்டுக்கொண்டதுபோல் தும்மியது. அந்தப் படத்தை ரியாத்தில் பார்த்தார்கள், குவைத்தில் பார்த்தார்கள். ஆண்பிள்ளை என்றால் இவன் என்றார்கள். மூளை என்று ஒன்று அந்தப் படத்தில் எங்கேயாவது தென்படுகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த ஊர் மனிதர்கள் மூக்கால் வணக்கம் சொல்கிறவர்கள். நாம் தலைமேல் ஏற்றுக்கொள்வதை அவர்கள் மூக்கின் மேல் ஏற்றுக்கொள்வார்கள். பெரியவரைப் பார்த்தால் குனிந்து, மூக்கோடு மூக்கு வைத்து அழுத்துவதுதான் மரியாதை. படம் பிடித்த அன்று சாயங்காலம் நஹார் பட்டியிலிருந்து நேரே தகப்பனிடம் வந்தான். ஜவ்ஸா குறுக்கே நின்றாள்.

"முகத்தைக் கழுவிட்டு வாடா."

"பாருங்க வாப்பா உங்க மகளை. பாலை வேகவச்சா, இப்ப என்னையும் வேகவைக்கப் போறா."

மிஸ்ஃபருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் புள்ளை என் மூக்கைத் தொட கழுவிட்டு வரணுமா? அவன் என்ன சாக்கடையிலிருந்தா வர்றான்? பாலை உனக்கு விட்டுக் குடுத்தேன் ஜவ்ஸா. இதையும் கேக்காதே. மகன்கிட்டேருந்து மூக்கைத் திருப்பிக்கிட்டு எத்தனை நாள் உசுரோட இருந்து என்ன பண்ண?"

பாலில் நான் ஜெயித்தாயிற்று, இதிலாவது கிழவர் ஜெயிக்கட்டும் என்று அவள் விலகிக்கொண்டாள். ஒரே ஒரு எட்டுதான் விலகினாள். நஹார் குனிந்தான். தகப்பன் மூக்கும் மகன் மூக்கும் சேர்ந்தன. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, "நல்ல வாசனை வருதுடா, பட்டி வாசனை" என்று சிரித்தார். அதற்குப் பிறகு தினமும் அப்படியே நடந்தது.

ரமலானுக்கு முன்பே மிஸ்ஃபருக்குக் காய்ச்சல் கண்டது. இருமல் வந்தது, பிறகு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டுப் பார்த்தார்கள். ஜவ்ஸாவுக்கு ஒன்றுமில்லை. நஹாருக்கு இருந்தது. இரண்டு நாள் லேசாகத் தொண்டை கரகரத்ததோடு சரி, அவன் ஒட்டகம் மாதிரி இருந்தான். அவனைத் தனி அறையில் அடைத்தார்கள். ரீஷாவிடம் இருந்த கிருமியும் நஹாரிடம் இருந்ததும் மிஸ்ஃபரிடம் இருந்ததும் ஒரே வகை என்று அந்தப் பஞ்சுக் குச்சி இளைஞன் அக்காவுக்கும் தம்பிக்கும் தனித்தனியே போன் செய்து சொன்னான். குரலில் வெற்றி எதுவும் இல்லை, பாவம், அவன் அழுதுவிடுவான் போலிருந்தது.

ஜவ்ஸா கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் பேசினாள். உள்ளே மிஸ்ஃபர் நர்ஸ் பிடித்த போனில் மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்.

"நஹார் எங்கே? ஏன் வரலை?"

"அவனை விடமாட்டேங்குறாங்க வாப்பா. யாரையுமே விடல."

"நீ வந்திருக்கியே." கிழவர் லேசுப்பட்டவர் இல்லை. "நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு, ஒட்டகத்து வியாதியாமே. உண்மையைச் சொல்லு. நம்ம ஒட்டகமா? நம்ம… அவன்கிட்டேருந்தா?"

அவர் கண்ணை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சாவைக் கண்ட பயம் இல்லை அதில். பதிலைக் கண்ட பயம். ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லத்தான் வேண்டும் என்று மனசு கொதித்தது. வந்த வார்த்தை வேறு.

"இல்ல வாப்பா. என் தப்பு. ஒருநாள் நம்ம பால் தீந்துபோச்சு. ரோட்டோரத்துல எவனோ வித்தான், வாங்கினேன். அவசரத்துல காய்ச்சல."

மிஸ்ஃபரின் முகம் தளர்ந்தது. "அப்ப நம்மது இல்ல" என்றார். இரண்டாம் தடவையும் சொன்னார், "நம்மது இல்ல." பிறகு அவளைப் பார்த்தார். "ஊரு சிரிக்கச் சிரிக்கக் காய்ச்சினியே. காய்ச்ச வேண்டிய அன்னிக்குக் காய்ச்சலையேடி. நஹாருக்குப் போன் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தாள். தகப்பன் மகனோடு பேசுவதைக் கண்ணாடி வழியே பார்த்தாள். சிரித்தார்கூட. மறுநாள் போய்விட்டார். குளிப்பாட்டக்கூட வீட்டார் கையில் கொடுக்கவில்லை.

நஹாரிடம் கிருமி இல்லை என்று ஆன பிறகுதான் துக்கம் விசாரிக்கக் கூடாரம் போட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு திரை. ஜவ்ஸா பெண்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஆண்கள் பக்கம் கேட்டது அவள் காதில் விழுந்தது.

"எப்படித் தம்பி வந்தது வாப்பாவுக்கு? ரீஷாகிட்டேருந்துன்னு பேசிக்கிறாங்களே?"

சொல்வான் என்று அவள் நினைத்தாள். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ரீஷாவா? சும்மா இருங்க சித்தப்பா" என்றது நஹாரின் குரல். "அக்கா ரோட்டோரத்துல பால் வாங்கியிருக்கா. காய்ச்சாமக் குடுத்துட்டா. வாப்பாவே என்கிட்ட தன் வாயால சொன்னாரு."

பெண்கள் பக்கம் கிண்ணங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஜவ்ஸா திரையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் நடுவில் போய் நின்றாள்.

"பொய்! நான் சொன்னது பொய். வாப்பா நிம்மதியா போகட்டும்னு சொன்னேன். என்னிக்குடா நம்ம வீட்டுல பால் தீந்துச்சு? இவனுக்கு வியாதி இருந்துச்சு, கன்னுக்குட்டிகிட்டேருந்து வந்துச்சு, இவன் மூக்கு வழியா வாப்பாவுக்குப் போச்சு. உனக்கும்தானே போன் பண்ணிச் சொன்னாங்க நஹார்? சொல்லுடா!"

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சித்தப்பா தாடியைத் தடவினார். "சாகப் போற மனுஷன்கிட்ட யாரும்மா பொய் சொல்லுவாங்க? அன்னிக்குச் சொன்னதுதான் உண்மையா இருக்கும். பழியைத் தம்பி மேல போடாதே" என்றார். தப்பு செய்தவளுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை என்று பின்னாலிருந்து யாரோ பரிதாபப்பட்டார்கள்.

நஹார் எழுந்தான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அழாதேக்கா. நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

எப்பேர்ப்பட்ட பிள்ளை என்று கூடாரம் முழுக்க முணுமுணுத்தது. மிஸ்ஃபர் வளர்ப்பு அப்படி என்றார் சித்தப்பா.