சூட்டில் நிற்கும் கார்

பாலாவிச் சந்தியில் கல்பிட்டிப் பக்கம் திரும்பியதும் மஹ்ரூபின் கராஜ். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. அந்தப் பேரே மனிதரைக் கொஞ்சம் கெடுத்து வைத்திருந்தது. சத்தத்தைக் கேட்டே என்ஜினின் வருத்தத்தைச் சொல்லிவிடுவேன் என்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும், அதுதான் தொல்லை.

எத்தாளை ஊர் றுக்கியா மூன்றாவது தடவையாக வந்து இறங்கியபோது, இந்தப் பிள்ளை விடாது போல என்று நினைத்துக்கொண்டார். அவளிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. கட்டார் நாட்டில் இருக்கும் கணவன் ஃபஸ்லான் வாங்கிக் கொடுத்தது. கர்ப்பிணிப் பெண்களைப் புத்தளத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வருவாள். ஓட்டுவது பெண் என்பதால் வீடுகளில் மறுபேச்சில்லாமல் அனுப்பினார்கள். இரண்டு மாதமாகத்தான் கார் இடைவழியில் நிற்கிறது. சூடேறினால் நிற்கும், அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். அதுவும் எல்லா நாளும் இல்லை.

முந்திய இரண்டு தடவையும் மஹ்ரூப் ஓட்டிப் பார்த்தார். கார் ஒரு இருமல்கூட இருமவில்லை. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். ஃபஸ்லானுக்கு ஃபோன் போட்டு, பிழை வண்டியில் இல்லை, ஓட்டுகிறவளின் காலில் என்றும் சொல்லி வைத்தார். இரண்டாவது ஃபோன் போன அன்றே ஃபஸ்லான் முடிவெடுத்துவிட்டான்: வெள்ளிக்கிழமை தன் தம்பி அஸ்ஜத் வந்து காரை எடுத்துப்போவான், றுக்கியா இனி ஓட்ட வேண்டாம். இன்று வியாழக்கிழமை.

பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. யார் வந்தாலும் மஹ்ரூபின் கராஜில் ஒரே வழக்கம்தான்: பொனட்டைத் திறந்து வைப்பது, வந்தவருக்கு ஒரு பிளேன்டீ, பிறகு தொழுகை, அதன் பிறகே வேலை.

"பொனட்டத் திறந்து வெச்சிட்டு இருங்க தங்கச்சி. தொழுதுட்டு வாறன்."

"இண்டைக்குத் திறக்கல்ல நானா. என்ஜினையும் நிப்பாட்டல்ல. நீங்க தொழுதுட்டு வாங்க."

"பெற்றோல் சும்மா எரியும்."

"எரியட்டும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். பள்ளிவாசலிலிருந்து நாலு பேரோடு கதைத்தபடி திரும்பும்போது, கராஜில் கார் சீராக ஓடும் சத்தம் கேட்டது. வாசல் படலைக்குள் கால் வைத்தார். சாவியைத் திருப்பியதுபோல என்ஜின் நின்றது. றுக்கியா காருக்குள் இல்லை. தூரத்தில் வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் கதிரையில் கை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

காலில் பிழை என்று சொல்ல அங்கே காலே இல்லை. நாலு பேரும் மஹ்ரூபைப் பார்த்தார்கள்.

அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பெற்றோல் வந்துகொண்டிருந்தது, பிளக்கில் மட்டும் பொறி இல்லை. என்ஜின் சுழல்வதைப் பார்த்துப் பொறிக்கு நேரம் சொல்லும் சின்னச் சென்சர் ஒன்று கீழே இருக்கிறது. அதன்மேல் ஈரத் துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தார். துணி வைத்த பத்தாவது நிமிடம் கார் கிளம்பியது. சூட்டில் செத்து, குளிரில் உயிர்க்கிற சென்சர்.

இரண்டு தடவையும் அவள் லுஹர் நேரத்தில்தான் வந்திருந்தாள். பொனட்டைத் திறந்து, கடல் களப்புக் காற்றில் அரைமணி நேரம் ஆறவிட்டு, நோயைத் தன் கையாலேயே மறைத்துவிட்டு, பிறகு நோயில்லை என்று சொல்லியிருக்கிறார். மஹ்ரூபுக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருடத்தில் இப்படி வெட்கப்பட்டதில்லை.

வேறொரு காரிலிருந்து கழற்றி வைத்திருந்த சென்சரைப் பூட்டி, பொனட்டை மூடியபடியே ஒரு மணி நேரம் ஓடவிட்டார். கார் நிற்கவில்லை. பள்ளியிலிருந்து வந்தவர்களும் போகவில்லை. அவர்களுக்கு முன்னாலேயே ஃபஸ்லானுக்கு ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னார்.

"நானா, அப்ப ரெண்டு தரமும் ஏன் அவளில பிழைண்டு சொன்னீங்க?"

தொழிலைச் சாட்டி ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாத ஆளுமில்லை.

"அப்பிடிச் சொல்லச் சுகமா இருந்திச்சி தம்பி. நீங்களும் ஏண்டு கேக்கல்ல."

ஃபஸ்லான் "ஃபோன அவகிட்டக் குடுங்க" என்றான்.

மஹ்ரூப் ஃபோனை நீட்டினார். றுக்கியா ஏற்கனவே ஏறி சீற் பெல்ட்டை மாட்டிவிட்டாள். மூன்று மணிக்குக் கிளினிக் வாசலில் ஒருத்தி காத்திருப்பாள்.

"கார் ஓட்டிட்டு இருக்கன், பொறகு கதைக்கிறண்டு சொல்லுங்க நானா" என்றாள்.

கார் படலையைத் தாண்டும்வரை மஹ்ரூப் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அப்படியே சொன்னார்.