இரண்டு ரப்பர் வால்களும் முடிவெட்டாத அத்தானும்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அக்கா கேட்டு எழுதுவது. கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் மழை, மௌனம், பழைய காயம் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். என்னுடையது அக்கா வீட்டு அடுப்படியில், அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பிறந்தது.

"உங்க அத்தான் தலையப் பாத்தியா? முடி தோள்ல வந்து விழுது. அந்த சலூன்காரர்கிட்டயும் போக மாட்டேங்கிறாரு, வேற சலூனுக்கும் போக மாட்டேங்கிறாரு. ரெண்டு பேரும் சேர்ற மாதிரி ஒரு கதை எழுதி அவங்ககிட்ட குடு."

"கதை படிச்சு யாருக்கா சேர்ந்திருக்காங்க?"

"அப்புறம் எதுக்குடா எழுதுற?"

எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: 'ஏரியின் மேல் பனிமூட்டம் ஒரு…' வேண்டாம். அத்தான் மீன் பிடிக்கிற அந்த ஏரிக்கு நான் போனதே இல்லை.

இரண்டாவது: 'நட்பு என்பது…' இதுவும் வேண்டாம். அப்படி ஆரம்பித்த எதையும் நானே முழுசாகப் படித்ததில்லை.

நேராக விஷயத்துக்கே வருகிறேன். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய நண்பர் சலூன் வைத்திருக்கிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு படகு. படகு அத்தானின் கார் ஷெட்டில் இருக்கிறது, அதன் மோட்டார் சலூனின் பின்னறையில். வருகிற ஞாயிறு ஏரியில் பாஸ் என்கிற நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டி. ஜோடியாகத்தான் கலந்துகொள்ள முடியும். போன வருடப் போட்டியில், நேரம் முடியப் போகிற சமயம், ஒரு பெரிய மீன் இவர்கள் தூண்டில் வரைக்கும் வந்தது. பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

சண்டை மீனைப் பற்றியதல்ல, ஒரு ரப்பர் வாலைப் பற்றியது.

3.

ஜிக் என்பது ஈயத் தலையும் ரப்பர் நூலில் பாவாடையும் கட்டிய தூண்டில் முள். அதன் பின்னால் ரப்பர் மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக் வால் ஒன்றைக் கோர்ப்பார்கள். அதற்கு டிரெய்லர் என்று பெயர். (சினிமா சமாச்சாரம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அத்தானிடம் சொல்லவில்லை.) அதில் இரண்டு கட்சி. படபடவென்று அடித்துக்கொள்ளும் நண்டு இடுக்கி வைத்தது ஒன்று, அசையாமல் வழுக்கி வரும் சாது ஒன்று. அத்தான் இடுக்கிக் கட்சி, சலூன்காரர் சாதுக் கட்சி. அன்று அத்தான் கோர்த்தது இடுக்கியை.

என் வரைவில் இருந்த வரி: 'அவர் கலங்கிய நீரைப் பார்த்தார். பச்சை இடுக்கியைக் கோர்த்தார்.'*

* பென்சிலில், அத்தான்: கலங்கல் தண்ணிக்கு எவனாவது பச்சை போடுவானா? கறுப்பு நீலம்தான். எழுதுறதுக்கு முன்னாடி கேளு மச்சான்.

* அதன் கீழே சிவப்பு மையில், சலூன்காரர்: நிறம் சரி. ஆனா அன்னைக்குத் தண்ணி சில்லுனு இருந்துச்சு. குளிருல மீன் சோம்பேறியா கெடக்கும். அது முன்னாடி போய் இடுக்கிய ஆட்டுனா ஓடாம என்ன செய்யும்?

* மறுபடியும் பென்சில்: சில்லுனு இருந்துச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கைய விட்டுப் பாத்தது நானு.

பிரதி ஒன்றுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் இந்தக் கதையின் ஆசிரியன்.

4.

எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் அத்தான்தான். கோபக்காரர் என்றால் வேறு கடையில் முடி வெட்டிக்கொள்ள வேண்டியதுதானே? கேட்டேன்.

"என் தலையில ரெண்டு சுழி மச்சான். அது அவனுக்குத்தான் தெரியும்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படியே எழுதிவிட்டேன். அத்தான் பென்சிலால் அந்த வரியை அடித்தார். சலூன்காரர் சிவப்பு மையில் பக்கத்தில் எழுதியிருந்தார்: இருக்கட்டும்.

(ஜிக்குக்கு வால் மாதிரிதான் கதைக்கு முடிவு என்று ஓர் உவமை இந்த இடத்தில் வர வேண்டும். உங்களுக்கே தோன்றியிருக்கும். விட்டுவிடுகிறேன்.)

5.

முடிவு ஒன்று: மீன் மாட்டுகிறது, இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். படித்துவிட்டு அக்கா கொட்டாவி விட்டாள்.

முடிவு இரண்டு: படகு கவிழ்கிறது. அத்தான்: 'என் படகு கவிழாது.' சலூன்காரர் அதில் 'என்' என்பதை மட்டும் அடித்து 'நம்ம' என்று திருத்தியிருந்தார்.

முடிவு மூன்றை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. சலூன்காரர் தன் சாது வால்களைக் கொண்டுவருகிறார். ரப்பர் பேண்டு போல இழுபடும் ரகம் அது. அத்தான் எழுந்து தன் டப்பாவைத் திறந்து, தன் இடுக்கிகளோடு அவற்றையும் வைக்கிறார். 'இரண்டும் ஒரே டப்பாவில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து…'

படித்துக்கொண்டிருந்த அத்தான் இந்த வரியில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அடப்பாவி மச்சான்! அது வேற பிளாஸ்டிக், இது வேற பிளாஸ்டிக். ஒண்ணா வெச்சா ரெண்டும் உருகிப் பசை மாதிரி ஆயிடும்!"

"கதைதானே அத்தான்."

"கதையா? இத அவன் பாத்தானா?"

"இன்னும் இல்ல."

"பாத்தா நான் சொல்லிக் குடுத்து நீ எழுதினேன்னு நினைப்பான். என் மானமே போயிடும்! இது என் வேலை இல்லன்னு நானே போய் சொல்றேன்."

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் இறங்கிவிட்டார்.

6.

நான் மூச்சு வாங்கச் சலூனுக்குள் நுழைந்தபோது அத்தான் கழுத்தில் துணியோடு நாற்காலியில் இருந்தார். சலூன்காரர் என் மூன்றாவது முடிவை உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தாளர் சார், ஒரே டப்பாவுலயா?"

இருவரும் என்னைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பின்னறைக் கதவு திறந்திருந்தது. மோட்டார் துடைத்து எண்ணெய் போட்டுத் தயாராக நின்றது.

"சுழி பாத்துடா."

"தெரியும். மூடிட்டு உக்காரு."

கத்தரிக்கோல் ஓட ஆரம்பித்தது. கதையை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் இடது பக்கம் வெட்டி முடிந்ததும் அத்தான் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை இடுக்கிதான்."

சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "சாதுன்னு சொல்லு. மீதிய வெட்டுறேன்."

"மாட்டேன்."

"அப்ப இப்படியே போ."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீயே சொல்லு, எத மாட்டலாம்?"

நான் எதைச் சொன்னாலும் ஒருவர் மறுபடியும் பேச்சை நிறுத்துவார். அதனால் உங்களிடம் விடுகிறேன். இந்த வருடமும் தண்ணீர் கலங்கல்தான், சில்லென்றுதான் இருக்கிறதாம். இடுக்கியா, சாதுவா? யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். பாதித் தலையோடு இவரை நான் அக்காவிடம் கூட்டிக்கொண்டு போக முடியாது.