குப்பையால் உயர்ந்த முற்றம்

தபாஸ்கி என்னும் தியாகப் பெருநாள் தொழுகை முடிந்து தெருவெங்கும் ஆடு அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கினே தன் வீட்டுத் தண்ணீரை வாளியால் மொண்டு தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தாள். டக்கார் நகரின் பிக்கின் பகுதியில் மழைக்காலம் என்றால் அதுதான் வேலை. ஆனால் இந்த வருடம் தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிட்டது. காரணம், பக்கத்து வீட்டு ங்கோனே. அவள் வண்டி வண்டியாகக் குப்பை வாங்கிக் கொட்டி, மேலே மணல் பரப்பி, தன் முற்றத்தை இடுப்பளவு உயர்த்திக்கொண்டாள். முன்பு அங்கே தேங்கிய தண்ணீரெல்லாம் இப்போது கினே வீட்டில்.

பெருநாளன்று அக்கம்பக்கத்தார் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். கஞ்சி போட்ட புது அங்கியில் ங்கோனேயும் வந்தாள். வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

“தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சிரு கினே.”

“தெரியாம செஞ்சதை மன்னிச்சுட்டேன். தெரிஞ்சு செஞ்சது முழங்கால் வரைக்கும் நிக்குது. உள்ள இறங்கி வந்து கேளுக்கா.”

“புதுத்துணிடி.”

“என் மெத்தையும் புதுசாத்தான் இருந்துச்சு.”

“நல்ல நாளும் அதுவுமா சண்டைக்கு நிக்கிறியே. நீயும் மேடாக்கிக்கோ. யாரு வேணாம்னா?”

“மேடாக்கி, தண்ணியை அந்தப் பக்கத்து வீட்டுல தள்ளிவிடவா?”

கினே வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அன்று மாலையே குதிரை வண்டியில் சாமான்களை ஏற்றி, பிள்ளைகளோடு ஊருக்கு வெளியே இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பீடை ஒழிந்தது என்று ங்கோனே கறியைக் கிளறினாள்.

அடுத்த மழையில் ஆளில்லாத வீடு குளமானது. மொண்டு ஊற்ற யாருமில்லை. இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் ஊறி, தண்ணீர் ங்கோனேயின் மேட்டுக்குள் புகுந்தது. மணலுக்கடியில் குப்பை அழுகி அமிழ்ந்தது. ஒருநாள் காலையில் அடுப்படித் தரை பிளந்து, சோற்றுப்பானை அடுப்போடு உள்ளே இறங்கியது.

ங்கோனே தொலைபேசியில் கத்தினாள். “உன் வீட்டுத் தண்ணி என் வீட்டை இடிக்குதுடி. வந்து இறைச்சு ஊத்து.”

“என் வீட்டுத் தண்ணியா? நீ அனுப்பி வச்சது. பெத்தவளைப் பாக்க வந்திருக்கு.”

“நான் எங்கடி போவேன்?”

“நான் போறப்ப நீ அதைக் கேக்கலியே.”

“மன்னிச்சிரு கினே.”

“இப்ப எங்க நின்னு பேசுற?”

“தண்ணியில.”

“அன்னிக்கு அங்கதான் இறங்கச் சொன்னேன். அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்ட தண்ணி ஊரை விட்டுப் போகாதுக்கா. தெருவே ஒண்ணா நின்னு வாய்க்கால் வெட்டினாத்தான் போகும். இல்லன்னா ஒவ்வொரு வீடா காலியாகும். கடைசி வீட்டுக்காரிக்கு மன்னிப்புக் கேக்கக்கூடப் பக்கத்துல ஆள் இருக்காது.”